லயக்காம்பராவின் வெப்பக் கணக்கு

ஒரு பொருள் கைமாறும் வேளையிலேதான் அதன் குணமும் குற்றமும் உற்று நோக்கப்படுகின்றன. மாட்டுச் சந்தையிலே பல்லைப் பிடித்துப் பார்க்கின்றோம். நெல் கொள்பவர் ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்க்கின்றார். தேயிலை ஏலத்திலே சுவைஞர் ஒரு கரண்டிச் சாயத்தை வாயிலிட்டு உமிழ்ந்து விலை கூறுகின்றார். ஆனால், வாழ்நாள் முழுதும் உறைவதற்குரிய வீட்டை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும், அது குளிரைத் தாங்குமா, எரிபொருளை விழுங்குமா என்று கேட்கும் வழக்கம் உலகிலே அண்மைக்காலத்தில்தான் தோன்றியது. அந்த வழக்கத்தின் வரலாற்றையும், அது நமது மலைநாட்டுத் தோட்டங்களின் குடியிருப்புக்கு எவ்வாறு பொருந்தும் என்பதையும் இன்று ஆராய்வோம்.

1973ஆம் ஆண்டு எண்ணெய் விலை திடீரென உயர்ந்தபோது, குளிர்நாட்டு மக்கள் தம் வீடுகளைப் புதிய கண்கொண்டு பார்க்கலாயினர். சுவரின் வழியாகவும் கூரையின் வழியாகவும் கதவிடுக்குகளின் வழியாகவும் வெளியேறுவது வெறும் வெப்பமன்று, பணமே என்பது அப்போது தெளிவாயிற்று. டென்மார்க் நாடு 1997ஆம் ஆண்டு முதல் வீடுகளுக்கு எரிசக்தித் தரச்சான்று வழங்கும் முறையைக் கைக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2002ஆம் ஆண்டில் அதனைத் தன் உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் பொதுவிதியாக்கியது. இங்கிலாந்தில் 2007ஆம் ஆண்டு வீடு விற்போருக்கும், அடுத்த ஆண்டு வாடகைக்கு விடுவோருக்கும் இச்சான்று கட்டாயமாயிற்று. பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து, சுவர், கூரை, சாளரம், அடுப்பு, விளக்கு ஆகியவற்றைப் பார்வையிட்டு, ஏ முதல் ஜி வரையுள்ள ஏழு தரங்களில் ஒன்றை வழங்குவார். அச்சான்று பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். 2018ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், கடைசி இரண்டு தரங்களில் உள்ள வீட்டை, விலக்குப் பெற்றாலன்றி, அங்கே புதிதாக வாடகைக்கு விடலாகாது. குளிர் வீட்டை ஏழைக்குத் தள்ளிவிடும் வழி இவ்வாறு ஓரளவு அடைக்கப்பட்டது.

இனி, நம் மலைகளுக்கு வருவோம். நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் ஆறாயிரம் அடிக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. அட்டன் நாலாயிரம் அடியைத் தாண்டியது. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளில் புல்லின்மேல் உறைபனி படிவதும் உண்டு. வெப்பமண்டலத் தீவு என்று நூல்கள் கூறும் இலங்கைக்குள்ளே, வீட்டின் வெப்பம் உயிர்ப் பிரச்சினையாக உள்ள நிலம் இதுவே.

இந்நிலத்திலே இரண்டு வகை வீடுகள் எழுந்தன. ஒன்று துரையின் பங்களா. அதற்குத் தடித்த கற்சுவர், மரத்தளம், கூரைக்குக் கீழே உட்கூரை, கண்ணாடிச் சாளரம், புகைபோக்கியுடன் கூடிய கணப்பு ஆகிய யாவும் அமைந்தன. குளிர்நாட்டில் பிறந்தவர்கள் தமக்கு வேண்டியதை நன்கு அறிந்திருந்தனர். மற்றொன்று லயம். கோப்பிக் காலத்திலே தமிழகத்திலிருந்து நடந்து வந்தவர்களுக்கு மண்சுவரும் மானாப்புற் கூரையும் கொண்ட நீண்ட கொட்டில்கள் போடப்பட்டன. 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டார். 1869ஆம் ஆண்டு தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. பருவகாலப் பயிரான கோப்பி போய், ஆண்டு முழுதும் ஆள் வேண்டும் தேயிலை வந்தபோது, தற்காலிகக் கொட்டில் நிலையான குடியிருப்பாயிற்று. புல் போய்த் தகரம் வந்தது. மண் போய்க் கல் வந்தது. ஆயினும், பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற காம்பராவின் அளவு பெரிதும் மாறவில்லை. முன்னால் ஓர் இஸ்தோப்பு. உள்ளே ஓர் அறை. அதற்குள்ளேயே சமையலும் படுக்கையும் பிரசவமும் மரணமும்.

முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்களும் பல கட்டப்பட்டன. அவற்றின் பின்சுவரிலே சாளரம் வைக்க வழியில்லை. காற்று ஒரு புறத்தால் நுழைந்து மறுபுறத்தால் வெளியேற வழியில்லை. இத்தகைய முதுகொட்டு வீடுகளைப் புதிதாகக் கட்டுவதை இங்கிலாந்து 1909ஆம் ஆண்டே சட்டத்தினால் தடை செய்தது என்பது நினைக்கத்தக்கது. தம் நாட்டுத் தொழிலாளிக்கு ஆகாதென்று விலக்கிய அமைப்பு, அவர்தம் தோட்டத்துத் தொழிலாளிக்குத் தொடர்ந்து இருப்பிடமாக இருந்தது.

லயத்தை யாரும் ஆராயவில்லை என்று கூறுவது நியாயமாகாது. 1872ஆம் ஆண்டிலும், அதன் பின்னர் 1912ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட மருத்துவத் தேவைச் சட்டங்கள் தோட்ட மக்களின் நலத்தைக் கருதின. லயத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சுகாதார நிலையில் வைத்திருத்தல் தோட்டத்துரையின் கடமை என்று சட்டம் வகுத்தது. 1916ஆம் ஆண்டளவில் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் மலகூடங்களின் இன்றியமையாமையை உணர்த்திற்று. ஆனால், இவ்வாராய்ச்சி முழுவதும் தொற்றுநோயை நோக்கியது. நோயுற்றவன் கொழுந்து பறிக்க வரமாட்டான் அன்றோ? சாக்கடை ஓடுகிறதா, சுற்றுப்புறம் துப்புரவாக உள்ளதா என்பனவே கேள்விகள். இரவு இரண்டு மணிக்கு இக்காம்பராவில் எத்தனை பாகை வெப்பம் இருக்கும் என்பது அக்கேள்விகளுள் ஒன்றன்று. குளிருக்குத் தோட்டம் கண்ட மருந்து கம்பளி. அதன் விலையும் பெரும்பாலும் தொழிலாளியின் கணக்கிலேயே பற்று எழுதப்பட்டது.

இங்கே ஒரு முரண்பாட்டைக் காண்கின்றோம். அதே தோட்டத்தின் தொழிற்சாலையிலே வெப்பத்தின் கணக்கு மிக நுட்பமாக வைக்கப்பட்டது. வாட்டும் மாடியிலே ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகள் தொங்கின. உலர்த்தும் இயந்திரத்துக்குள் புகும் காற்றின் வெப்பம் குறிக்கப்பட்டது. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அந்நீரை ஆவியாக்க எத்தனை விறகு சென்றது என்பதற்கும் புத்தகம் இருந்தது. எரிசக்தி மதிப்பீடு என்று இன்று கூறப்படும் கலையை நமது தேயிலைத் தொழிற்சாலைகள் நெடுங்காலமாகவே பயின்று வந்தன. கொழுந்துக்கு இருந்த வெப்பமானி அதைக் கொய்தவளின் காம்பராவுக்கு இல்லாமற்போயிற்று. அவளுக்குக் கவ்வாத்து மலையிலிருந்து தலைச்சுமையாகக் கொணர்ந்த மிலாறே எரிபொருள், புகையே துணை.

மின்சாரத்தின் கதையும் இத்தகையதே. பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918ஆம் ஆண்டிலே மலைநாட்டு அருவிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று எடுத்துரைத்தார். 1950ஆம் ஆண்டில் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. 1965ஆம் ஆண்டில் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீரைக்கொண்டு இயங்கும் நிலையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1969ஆம் ஆண்டில் மவுசாகலை நீர்த்தேக்கம் நிரம்பப் பழைய மஸ்கெலியா நகர் நீருள் மூழ்கிற்று. 2012ஆம் ஆண்டில் தலவாக்கலையின் மேல்கொத்மலைத் திட்டம் இயங்கலாயிற்று. கொழும்பின் தெருக்களுக்கு ஒளி தந்த நீர் லயங்களின் அருகாலேயே ஓடிற்று. எனினும், பற்பல லயங்கள் நெடுங்காலம் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கிலேயே இரவைக் கழித்தன.

இவ்வாறு ஆனமைக்குக் காரணம் யாது? விற்பவனும் கொள்பவனும், விடுபவனும் குடிவருபவனும் எதிரெதிரே நின்று பேரம் பேசும் அந்த வேளை லயத்துக்கு ஒருபோதும் வாய்க்கவில்லை. லயக்காம்பரா விற்கப்படவுமில்லை, வாடகைக்கு விடப்படவுமில்லை. அது வேலையோடு வந்தது, வேலையோடு போவது. வாடகை செலுத்தாதவன் குறை கூற முடியவில்லை. உரிமை இல்லாதவன் செலவிட்டுத் திருத்த முன்வரவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபின் கேட்பதற்கு ஓர் உறுப்பினரும் இல்லாமற்போயினர். தோட்டங்கள் மட்டும் பலமுறை கைமாறின. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அவை அரசுக்கு வந்தன. 1992ஆம் ஆண்டில் அவற்றின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. ஒவ்வொரு முறையும் ஏக்கர் எண்ணப்பட்டது, தொழிற்சாலை மதிக்கப்பட்டது, காம்பராவுக்குள் ஒழுகும் இடத்துக்கு விலை குறிக்கப்படவில்லை. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் பணம் செலவிடுவதற்கு 1987ஆம் ஆண்டின் சட்டத்தில் இருந்த தடையும் 2018ஆம் ஆண்டிலேதான் நீக்கப்பட்டது.

இன்று நிலைமை மெல்ல மாறி வருகின்றது. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்னும் கொள்கை உருவாயிற்று. இந்திய அரசின் உதவியோடு தோட்டப்புறங்களில் 4,000 வீடுகள் கட்டும் பணி தொடங்கிற்று. 2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டில் உரையாற்றிய இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். இன்னும் பல்லாயிரம் குடும்பங்கள் லயத்திலேயே வாழ்கின்றன என்பது உண்மை. எனினும், உறுதிப் பத்திரம் உள்ள வீடு என்றாவது ஒருநாள் விற்கப்படும். அல்லது ஓர் அறையேனும் வாடகைக்கு விடப்படும். அட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் ஆசிரியர்களும் ஊழியர்களும் அறை தேடி அலைவதை நாம் அறிவோம். பேரம் பேசும் அந்த வேளை நம் மக்களுக்கு இப்போதுதான் முதன்முறையாகக் கிட்டுகின்றது.

இலங்கையில் வீடு விற்போர் எரிசக்திச் சான்று காட்ட வேண்டுமென்ற சட்டம் இல்லை. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கை நிலைபெறுதகு எரிசக்தி அதிகாரசபை, எரிசக்திச் சிக்கனத்தைப் பரப்பும் பொறுப்பை ஏற்றுள்ளது. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நேயர்களே. மலைநாட்டு வீட்டுக்கு மதிப்பீடு செய்யும் முறை எளிது.

முதலாவது, கூரை. தகரம் இரவில் வானத்தை நோக்கித் தன் வெப்பத்தை விரைவாக இழக்கும். அறையின் ஈரமூச்சு அதன் அடியிலே நீர்த்துளியாகி வீழும். உட்கூரை ஒன்று இருந்தால் இடையில் நிற்கும் காற்று போர்வையாகும். இரண்டாவது, சுவர். அடியிலிருந்து ஈரம் ஏறுகின்றதா, பூஞ்சை படிகின்றதா என்று பார்த்தல் வேண்டும். ஈரச்சுவர் உலர்சுவரினும் விரைவாக வெப்பத்தைக் கடத்தும். மூன்றாவது, இடுக்குகள். கதவின் கீழும், சுவர் கூரையைத் தொடும் இடத்திலும் ஒரு மெழுகுவர்த்தியைக் காட்டினால் சுடர் சாயும் திசையே காற்றின் வழியைக் கூறிவிடும். நான்காவது, வெயில். காலை வெயில் எந்த அறையில் எத்தனை நாழிகை விழுகின்றது என்பது பணம் கேட்காத வெப்பம். ஐந்தாவது, மின்கம்பிகளின் நிலையும் கடந்த ஓராண்டின் மின்பட்டியல்களும். இவற்றை வீட்டுக்காரர் தாமாகவே காட்டுதல் பண்பாகும். குடிவருபவர் கேட்பதும் குற்றமாகாது.

ஆறாவதும் தலையாயதும் அடுப்பு. வெப்பம் போகாதிருக்க இடுக்கெல்லாம் அடைத்துவிட்டு, புகைபோக்கி இல்லாத அறையில் விறகெரித்தால், அது வீடன்று, பொறி. கரியமிலவாயுவினும் கொடிய கார்பன் மோனாக்சைட்டு நிறமும் மணமும் இன்றி உயிரைக் கவரும். வீட்டுக்குள் எழும் புகையினால் உலகில் 2020ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அடுப்பங்கரையில் நெடுநேரம் நிற்கும் பெண்ணும் அவள் முதுகிலுள்ள குழந்தையும் இதற்கு முதற்பலி. ஆதலின், முதலில் புகைபோக்கி, பின்னரே இடுக்கடைப்பு. இவ்வரிசையை மாற்றலாகாது.

இது செல்வர்களின் கவலை என்று எண்ணுவோர் 2022ஆம் ஆண்டை நினைவுகூர்தல் வேண்டும். அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. எரிபொருள் அரிதாகும் நாளிலே, நல்ல கூரையுள்ள வீட்டார் ஒரு சுள்ளியோடு இரவைக் கழிப்பர். ஒழுகும் கூரையுள்ள வீட்டார்க்கு ஒரு கட்டு விறகும் போதாது. வறியவனுக்கே வெப்பக்கணக்கு மிகுதியாக வேண்டும். ஈரப் புத்தகத்தோடும் இருமலோடும் வகுப்பில் அமரும் பிள்ளையைக் கண்ட ஆசிரியர் எவரும் இதனை மறுக்கமாட்டார்.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்பர் நம் முன்னோர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிறர் கட்டிய வீட்டில் இருந்த மக்களுக்குக் கட்டிப்பார்க்கும் வாய்ப்பு இன்று பிறந்துள்ளது. புதிய வீடுகளின் வரைபடம் நம் முன் விரிக்கப்படும்போது, எத்தனை சதுர அடி என்பதோடு நில்லாது, மார்கழி இரவில் உள்ளே எத்தனை பாகை என்றும் கேட்போமாக. கொழுந்துக்காக வெப்பமானியைத் தொங்கவிட்ட மலை இது. அக்கருவியைக் கொழுந்து பறிப்பவளின் சுவரிலும் ஓர் இரவு தொங்கவிட்டுப் பார்ப்பது நம்மால் ஆகாத காரியமன்று.