மாமியின் இமையும் 1956-ம்

1956 என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரே ஒரு சங்கதிதான் ஞாபகம் வரும். அந்த வருடம் நவம்பர் 1-ந் தேதி திருவிதாங்கூர்-கொச்சியில் கோடு கிழித்தார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுகாவும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்குப் போயின. தமிழர்கள் கேட்ட நெய்யாற்றின்கரை கிடைக்கவில்லை. களியக்காவிளை தமிழ்நாடு, பக்கத்திலேயே இருக்கும் பாறசாலை கேரளம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று வளர்ந்த எங்கள் கூட்டம் இப்படித்தான் உண்டானது.

அதே 1956-ல், நான் இப்போது குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் டொராண்டோவில் இன்னொரு காரியம் நடந்தது. இங்குள்ள கண் மருத்துவர் க்ராஃபோர்ட், பிறவியிலேயே மேல் இமை தொங்கிப்போன குழந்தைகளுக்கான அறுவை முறை ஒன்றை விவரித்துக் கட்டுரை வெளியிட்டார். தொடையிலிருந்து மெல்லிய சவ்வு நாடா எடுத்து, அதைக் கொண்டு இமையைப் புருவத்துத் தசையோடு இணைத்துக் கட்டிவிடுவது. புருவத்தை உயர்த்தினால் இமையும் உயரும். தொடைச் சவ்வை இதற்குப் பயன்படுத்தும் யோசனை 1909-லேயே பேயர் என்பவர் செய்து காட்டியதுதான். ஆனால் க்ராஃபோர்டின் முறைதான் உலகமெங்கும் பரவியது. இன்றும் அவர் பெயரிலேயே அதைச் சொல்கிறார்கள்.

இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? என் மாமி பிறந்ததும் அதே வருடம்தான். (அப்பாவின் தங்கை. எங்கள் ஊரில் அத்தையை மாமி என்றுதான் கூப்பிடுவோம்.) பிறவியிலேயே இரண்டு இமையும் தொங்கல். இடது கண் பாதி மூடியிருக்கும், வலது கண் ஏறக்குறைய முழுசாக. எதிரே இருப்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் தாடையைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்துத்தான் பார்ப்பார். ஊரார் அதற்கு வைத்த பெயர் தலைக்கனம்! பள்ளிக்கூடத்திலோ தூங்குமூஞ்சிப் பட்டம். வீட்டுப் பெரியவர்களுக்கு அது தலையெழுத்து.

பி.காம். படித்துவிட்டு பாங்கில் உட்கார்ந்திருப்பவனுக்கு மருத்துவச் சரித்திரம் எதற்கு என்று கேட்கலாம். மாமியின் கதை மனசை அரித்ததால் தேடிப் படித்தேன். அவ்வளவுதான்.

மேல் இமையைத் தூக்குவதற்கென்றே கண் குழிக்குள் ஒரு தசை இருக்கிறது. நல்ல நிலையில் அது இமையைச் சுமார் 15 மில்லிமீட்டர் தூக்கும். பிறவித் தொங்கலில் பெரும்பாலும் அந்தத் தசைதான் சரியாக வளர்ந்திருக்காது. பழைய காலத்தவருக்கு இந்த விவரம் தெரியாது. சுஸ்ருதர் அசைவற்றுப்போன இமையை 'வாதஹத வர்த்மம்' என்று பெயரிட்டு, தீர்க்க முடியாதவற்றின் பட்டியலில் சேர்த்தார். கண்புரைக்கே ஊசி எடுத்தவர் இதற்குக் கையை விரித்துவிட்டார். அரபு மருத்துவர்கள் இமைத் தோலை மடித்து, இரண்டு குச்சிகளுக்கு நடுவே இறுக்கிக் கட்டி, அது அழுகி விழும்படி செய்தார்கள். தோல் குறைந்தது. ஆனால் தசைக்குப் பலம் வரவில்லை.

1857-ல்தான் லண்டனில் பௌமன் இமையின் உட்புறம் வழியாகப் போய் அந்தத் தசையையே வெட்டிச் சுருக்கினார். 1883-ல் எவர்ஸ்புஷ் தோல் வழியாகவே அதை அடையும் வழியைக் காட்டினார். மறு வருடம் வியன்னாவில் கோலர், கோகெய்ன் சொட்டு விட்டால் கண் மரத்துப்போகும் என்று கண்டுபிடித்தார். கண்ணில் கத்தி வைக்கும் வேலைக்கு அது பெரிய திருப்பம்.

அதற்கப்புறம் எல்லாம் அளவுதான். தசை கொஞ்சமாவது வேலை செய்தால் அதைச் சுருக்கித் தைப்பார்கள். இமையை 4 மில்லிமீட்டர்கூடத் தூக்க முடியாவிட்டால், புருவத்தோடு கட்டும் முறை. இப்போது தொடைச் சவ்வுக்குப் பதிலாக சிலிக்கோன் இழையும் உண்டு. ஆபரேஷன் ஆன புதிதில் தூங்கும்போது கண் முழுசாக மூடாது, களிம்பு போட்டுக் காக்க வேண்டும்.

ஆனால் இந்தச் சரித்திரத்தில் என்னை உலுக்கியது வேறொன்று. 1960-களில் ஹூபெல், வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைத் தைத்து மூடினார்கள். சில மாதம் கழித்துப் பிரித்தபோது கண் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூளை அந்தக் கண்ணிலிருந்து வரும் செய்தியைச் சட்டை செய்யவில்லை. வளர்ந்த பூனைக்கு இப்படிச் செய்தால் அந்தக் கேடு வரவில்லை. பார்க்கக் கற்றுக்கொள்ள மூளைக்கு ஒரு பருவம் இருக்கிறது, அது போனால் போனதுதான். 1981-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மனிதக் குழந்தைக்கு இந்தப் பருவம் முதல் ஏழெட்டு வருடம். அதிலும் ஆரம்ப வருடங்கள் மிக முக்கியம்.

எங்கள் ஊருக்கு ஆஸ்பத்திரி புதிதல்ல. தெற்கே நெய்யூரில் லண்டன் மிஷன் 1838-லேயே மருத்துவ வேலையைத் தொடங்கிவிட்டது. எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சாமர்வெல் பிற்பாடு கத்தி பிடித்த இடம் அது. வடக்கே திருவனந்தபுரத்தில் அரசு கண் ஆஸ்பத்திரி. இரண்டு பக்கமும் பஸ் உண்டு. ஆனால் தலையெழுத்து என்று பெயர் வைத்துவிட்ட ஒன்றுக்கு யார் பஸ் ஏறுவார்கள்?

மாமிக்கு ஆபரேஷன் நடந்தது ஐம்பது வயசுக்கு மேல்தான். இரண்டு இமையும் அழகாக ஏறின. கழுத்து வலி போயிற்று. இடது கண்ணால் நேராகப் பார்த்து நடந்தார். வலது கண்ணைப் பற்றி நான் போனில் கேட்டபோது சொன்னார்: "கண்ணு தொறந்துட்டு மக்கா, பார்வைதான் வரல்ல."

பாங்கில் தவணை தவறினால் அபராத வட்டி கட்டிச் சரிசெய்யலாம். இந்தக் கணக்கில் அந்த வசதி கிடையாது. இமையை எந்த வயசிலும் தூக்கலாம், பார்வைக்கு மட்டும் கெடு உண்டு.

ஊரிலிருந்து வரும் குழந்தைகளின் போட்டோக்களை உற்றுப் பாருங்கள். ஒரு கண் சின்னதாக இருக்கிறதா, எந்தப் படத்திலும் தாடையைத் தூக்கியபடியே நிற்கிறதா? 'வளர வளரச் சரியாகும்' என்று யாராவது சொன்னாலும் குழந்தைக் கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். எல்லாக் குழந்தைக்கும் கத்தி தேவைப்படாது. சிலருக்குக் கண்ணாடியும், நல்ல கண்ணைச் சில மணி நேரம் மறைக்கும் பயிற்சியுமே போதும். பெரியவர்களுக்குத் திடீரென்று இமை தொங்கினாலோ, கூடவே இரட்டையாகத் தெரிந்தாலோ, தலை வலித்தாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம்.

தாடையைத் தூக்கிப் பார்க்கும் பிள்ளையைத் தலைக்கனம் பிடித்தது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாவம், அது நம் முகத்தைப் பார்க்கத்தான் பாடுபடுகிறது.