போருக்கு நடுவே காத்த வரலாறு

பர்மா என்றதும் நம் நாட்டுத் தமிழர் நெஞ்சில் முதலில் எழுவது சயாம் மரண இரயிலின் நினைவே ஆகும். 1942, 1943 ஆம் ஆண்டுகளில் தோட்டப்புறங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர், 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையின் ஓரத்திலேயே மாண்டனர். அந்தத் துயரை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆயினும், அப்பாதை சென்று முடிந்த நாட்டைப் பற்றி நாம் அறிந்தது மிகக் குறைவு. அந்நாட்டு மக்கள் தங்கள் வரலாற்றை எவ்வாறு எழுதினர், அடுத்தடுத்து வந்த போர்களுக்கு நடுவே அதனை எவ்வாறு காத்தனர் என்பது மாணவரும் ஆசிரியரும் அறிய வேண்டிய செய்தியாகும். 1989 முதல் அந்நாடு மியன்மார் என வழங்கப்படுகிறது. நாம் காணப்போகும் நிகழ்ச்சிகளுள் பெரும்பாலன அதற்கு முற்பட்டவை ஆதலின், இக்கட்டுரையில் பர்மா என்னும் பெயரே ஆளப்படுகிறது.

1824 முதல் 1945 வரையுள்ள காலத்தில் பர்மா நான்கு பெரும் போர்களைக் கண்டது. மூன்று ஆங்கிலேயருடன் நடந்தவை, நான்காவது உலகப்போர். ஒவ்வொரு போரும் உயிர்களைக் கொண்டதோடு ஏடுகளையும் எரித்தது. இருந்தும் பர்மிய வரலாறு அழிந்துவிடவில்லை. அதற்குரிய காரணத்தைக் காண, முதலில் ஒரு பழைய கல்லின் அருகே செல்வோம்.

நான்கு மொழிக் கல்

பகான் நகரின் பேரரசருள் ஒருவர் சான்சித்தா. அவர் நோய்ப்படுக்கையில் கிடந்தபோது, அவருடைய மகன் இராசகுமாரன் பொன்னாலே புத்தர் உருவம் ஒன்றைச் செய்வித்தான். தன் தாய்க்குரியனவாயிருந்து தனக்கு வந்துசேர்ந்த மூன்று ஊர்களையும் அவ்வுருவத்துக்கே வழங்கினான். இச்செய்தி 1113 ஆம் ஆண்டளவில் கல்லில் பொறிக்கப்பட்டது. மியாசேதிக் கல்வெட்டு என்பது அதன் பெயர்.

நாற்புறமும் முகமுடைய அக்கல்லில் ஒரே செய்தி பாலி, மோன், பியூ, பர்மியம் என நான்கு மொழிகளில் உள்ளது. இளவரசன் தன் நன்றியை ஒரு மொழியினர்க்கு மட்டும் கூறவில்லை. நான்கு மொழிகளிலும் கூறினான். அதன் பயன் எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் விளங்கிற்று. பியூ மொழி வழக்கொழிந்து, அதனைப் படிப்பார் ஒருவரும் இலராயினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளாக்டன் என்னும் அறிஞர், அதே கல்லின் பிற மொழிகளைத் துணைக்கொண்டு பியூ எழுத்துகளைப் படித்தறிந்தார். மறைந்துபோன ஓர் இனத்தின் மொழி, அண்டை மொழிகளின் தோள்மீது ஏறி மீண்டும் வெளிவந்தது எனலாம்.

அதே பகானில் தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் உண்டு என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும். வடமொழிச் செய்யுளும் தமிழ் உரைநடையும் கொண்ட அது பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்துக் குலசேகர நம்பி என்பார், நானாதேசி விண்ணகர் என்னும் திருமால் கோயிலுக்கு மண்டபமும் கதவும் விளக்கும் அளித்ததை அது கூறுகிறது. பல நாட்டு வணிகரின் பெயரால் அமைந்த கோயிலைப் பௌத்தப் பேரரசு ஒன்று தன் தலைநகரில் இடங்கொடுத்துப் போற்றியது.

தோல்விக்குப் பின் எழுந்த நூல்

முதற் போர் 1824 இல் தொடங்கி 1826 இல் யாண்டபோ உடன்படிக்கையுடன் முடிந்தது. அரக்கானும் தெனாசெரிமும் பர்மியர் கையைவிட்டுச் சென்றன. பத்து இலட்சம் பவுன் இழப்பீடாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. நிலமும் பொருளும் இழந்த அரசர் பாஜிடா 1829 இல் செய்த செயல் ஒன்று குறிப்பிடத்தக்கது. துறவியரும் அந்தணரும் அமைச்சருமாகிய அறிஞர்களைக் கூட்டி, நாட்டின் வரலாற்றை எழுதும்படி அவர் பணித்தார். முந்தைய வரலாறுகளையும் கல்வெட்டுகளையும் செய்யுள்களையும் அவர்கள் ஒப்பிட்டு நோக்கினர். அறிஞர்கள் கூடிய மண்டபத்தின் பெயராலேயே அந்நூல் கண்ணாடி மாளிகை வரலாறு எனப்பட்டது. 1832 இல் அப்பணி நிறைவெய்தியது.

இந்நூலில் ஒரு குறை உண்டு. அது 1821 ஆம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. தோல்வியைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. புண் ஆறுவதற்கு முன் அதனைத் தொட அறிஞர்கள் விரும்பவில்லை போலும். மிண்டோன் மன்னர் காலத்தில், 1867 இல் தொடங்கப்பெற்ற அடுத்த வரலாறே அந்தப் போரையும், 1852 இல் கீழ்ப் பர்மாவை இழக்கச் செய்த இரண்டாம் போரையும் எழுதிற்று. தன் தோல்வியைத் தானே எழுதுவதற்கு ஓர் இனத்திற்கு நாற்பதாண்டுகள் தேவைப்பட்டன. ஆயினும் எழுதியது என்பதே பெருமைக்குரியது.

எரிந்ததும் எஞ்சியதும்

மிண்டோன் மன்னர் செய்த மற்றொரு பணி, புத்தர் மறையைச் சலவைக் கல்லில் பொறித்தது. மாண்டலேயில், குத்தோடா பகோடாவைச் சூழ, 1860 முதல் 1868 வரை அப்பணி நடைபெற்றது. மொத்தம் 729 கற்பலகைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்தடி உயரம், இருபுறமும் எழுத்து. எழுத்துகளில் பொன்மை பூசப்பட்டது. அயலார் ஆட்சி நெருங்கிவரும் காலத்தில், ஓலை அழியினும் கல் நிற்கும் என அவர் கருதியிருக்க வேண்டும்.

1885 நவம்பரில் மூன்றாம் போர் வந்தது. மன்னர் தீபோ சரணடைந்து, இந்தியாவின் இரத்தினகிரிக்கு நாடு கடத்தப்பட்டார். அந்நாட்களின் கொள்ளையில் அரண்மனை நூலகம் தீக்கிரையாயிற்று. அரசகுல வழிமுறைகள், அரசாணைகள் முதலிய ஏடுகள் பல அத்தீயில் மறைந்தன. குத்தோடாவின் கற்களிலிருந்த பொன்னும் சுரண்டி எடுக்கப்பட்டது. ஆனால் எழுத்துகளைச் சுரண்ட இயலவில்லை. பின்னர் மக்களே முன்வந்து அவ்வெழுத்துகளுக்குக் கருமை பூசினர். இன்றும் அவற்றைப் படிக்கலாம்.

அரண்மனையைச் சார்ந்த மற்றுமொரு செய்தியையும் இங்கே கூற வேண்டும். மிண்டோன் 1878 இல் உயிர் நீத்த தேக்குமர மாளிகையைத் தீபோ பிரித்தெடுத்து, மதிலுக்கு வெளியே துறவியர் மடமாக அமைத்துக் கொடுத்தார். 1945 மார்ச்சில், மாண்டலேக் கோட்டைக்காக நடந்த போரில், அரண்மனையின் தேக்குக் கட்டடங்கள் எரிந்து சாம்பலாயின. மதிலுக்கு வெளியே துறவியர்க்குத் தானமாக வழங்கப்பட்ட அந்த மாளிகை பிழைத்தது. அரண்மனையின் மரச்செதுக்கு வேலைப்பாட்டை இன்று காண விரும்புவோர்க்கு, சுவேநந்தா மடம் என்னும் அக்கட்டடமே சான்றாக நிற்கிறது.

சந்தைக்கு வெளியே ஒரு சந்திப்பு

ஆங்கிலேயர் ஆட்சியில் இரங்கூன் பல இனத்தார் வாழும் துறைமுகமாயிற்று. 1931 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் அந்நகர மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். நம்மவரும் அங்கே பல்லாயிரவராய் வாழ்ந்தனர். நெல்விலை வீழ்ந்தபின், 1930களின் இறுதியில், கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்களின் கைக்கு வந்திருந்தது. பர்மிய உழவர் கண்ணுக்குத் தமிழர் கடன் கொடுத்தவராகத் தோன்றினர். நம்மவர் கண்ணுக்குப் பர்மா நெல்லாகவும் தேக்காகவும் தோன்றிற்று. ஒருவர் வரலாற்றை மற்றவர் அறியவில்லை.

இந்நிலையை நன்கு கண்டவர் பர்னிவால் என்னும் ஆங்கில அதிகாரி. பல இனங்கள் அருகருகே வாழ்ந்தும் சந்தையில் மட்டுமே சந்திக்கின்றன என்று அவர் எழுதினார். பன்மைச் சமுதாயம் என நம் பாடநூல்களிலும் இடம்பெறும் கருத்து அவரிடமிருந்தே பரவிற்று. அவர் முன்னின்று 1910 இல் தோற்றுவித்த பர்மா ஆராய்ச்சிக் கழகத்தில், ஆங்கிலேயரும் பர்மியரும் சந்தைக்கு வெளியே அறிவின் பொருட்டுக் கூடினர். பர்மிய அறிஞர் பே மவுங் டின்னும், அவர்தம் தங்கையை மணந்த லூசும் சேர்ந்து கண்ணாடி மாளிகை வரலாற்றின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து 1923 இல் வெளியிட்டனர். பழங்கல்வெட்டுகளின் படிகளைத் தொகுத்து, 1933 லும் 1939 லும் மூன்று தொகுதிகளாக அச்சேற்றினர்.

1941 டிசம்பர் 23 அன்று இரங்கூன்மீது குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. இலட்சக்கணக்கான இந்தியர் கால்நடையாகவும் கப்பலிலும் தாயகம் நோக்கிச் சென்றனர். வழியில் மாண்டவர் பலர். பல்கலைக்கழக நூலகம் பாழாயிற்று. கழகத்தின் ஆய்விதழ் நின்றது. லூஸ் தம் நூல்களை இழந்து இந்தியா சென்றார். ஆனால் முன்னரே அச்சாகிப் பல நாடுகளுக்குச் சென்றிருந்த கல்வெட்டுத் தொகுதிகளைப் போர் தொட முடியவில்லை. எஞ்சிய இரண்டு தொகுதிகளும் போருக்குப் பின் 1956 இல் வெளிவந்தன.

கல்கத்தாவில் தொடர்ந்த பணி

நாட்டை இழந்த கழகம் பேச்சிழக்கவில்லை. 1943 முதல் 1945 வரை, பர்மாவைப் பற்றிய சிறுநூல்கள் சில அக்கழகத்திற்காகக் கல்கத்தாவில் அச்சிடப்பட்டன. வரலாற்றுப் பின்னணியை எழுதியவர் இரங்கூன் பேராசிரியர் பெர்ன். நில இயல்பை எழுதிய ஸ்பேட், இரங்கூன் குண்டுவீச்சில் படுகாயமுற்றவர். பர்மிய பௌத்தம், மலைவாழ் மக்கள், கரேன் இனத்தார் ஆகியோரைப் பற்றியும் நூல்கள் வந்தன. பர்மாவைப் போர்க்களமாக மட்டுமே அறிந்திருந்தவர்க்கு, அங்கே மக்கள் வாழ்கின்றனர், அவர்க்கு நெடிய வரலாறு உண்டு என அந்நூல்கள் எடுத்துரைத்தன.

ஆயினும் நான் குறிப்பிட்ட அந்நூல்களை எழுதியவர் ஆங்கிலேயர் முதலிய மேனாட்டினரே என்பதை நாம் மறத்தல் ஆகாது. அன்பும் அறிவும் இருந்தும், வீட்டுக்கு வெளியே நின்றே அவர்கள் வீட்டைப் பற்றி எழுதினர். வீட்டின் உள்ளிருந்து வந்த குரல்கள் வேறு. பே மவுங் டின்னின் மாணவரும் புதிய உரைநடையின் முன்னோடியுமான தெய்ப்பான் மவுங் வா, மாவட்ட அதிகாரியாயிருந்தவர். 1942 சனவரி முதல் நாட்குறிப்பு எழுதினார். ஆட்சி குலைவதையும், மக்கள் அஞ்சி ஓடுவதையும், தம் குடும்பம் ஊர் ஊராய் ஒதுங்குவதையும் அதில் பதிவு செய்தார். சூன் மாதத்தில் கொள்ளையர் அவரைக் கொன்றனர்; கொலையுண்டதற்குச் சில மணி நேரத்திற்கு முன்வரை அவர் எழுதிக்கொண்டிருந்தார். அக்குறிப்பு பின்னாளில் பர்மியத்திலும், 2009 இல் ஆங்கிலத்திலும் நூலாயிற்று.

மீ மீ காய் என்னும் பெண்மணியின் ‘பர்மியக் குடும்பம்’ 1946 இல் வெளிவந்தது. அரசரும் போரும் அந்நூலில் முதன்மை பெறவில்லை. பிள்ளைக்குப் பெயர் வைத்தல், சமையல், திருவிழா, மூத்தோரை வணங்குதல் ஆகியவற்றை அவர் எழுதினார். போர் கலைத்துவிட்ட வாழ்க்கையை அயலார்க்கு விளக்கும் போதே, தம் மக்களுக்கும் அதனைக் காத்துக் கொடுத்தார்.

நமக்குரிய பாடம்

எழுபதாண்டுகள் நடைபெற்ற பர்மா ஆராய்ச்சிக் கழகம் 1980 இல் கலைக்கப்பட்டது. லூஸ் அதற்கு முன்பே, 1964 இல், நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. வரலாற்றுக்குப் பகை போர் மட்டுமன்று என்பது இதனால் விளங்கும். 2021 பிப்ரவரியில் படையினர் ஆட்சியைக் கைப்பற்றியதன்பின் அந்நாடு மீண்டும் போருக்குள் சென்றது. இடம்பெயர்ந்த மக்களுள் ஆசிரியரும் எழுத்தாளரும் பலர். அவர்களுள் சிலர் தம் நாட்டின் கதையைக் கேட்பார்க்கெல்லாம் சொல்லிவருகின்றனர். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் இராசகுமாரன் தொடங்கிய பணியே அது.

பர்மிய வரலாற்றில் பூட்டி வைக்கப்பட்டவை பல எரிந்தன. பலர் கையில் பகிர்ந்தளிக்கப்பட்டவை பெரிதும் பிழைத்தன. அவ்வாறு பகிர்வதற்குக் கேட்கும் செவியும் வேண்டும். நாமும் பல இனத்தாரோடு வாழும் மக்கள். பர்மாவில் நம் முன்னோர் அண்டை வீட்டாரின் வரலாற்றைக் கேட்கத் தவறினர். அத்தவறு நம்மால் நிகழாதிருக்க வேண்டும். நம் தோட்டங்களின் கதையை, மரண இரயிலிலிருந்து மீண்டோர் விட்டுச்சென்ற சொற்களை எழுதிவைப்பதும், அண்டை இனத்தாரின் கதையைக் கேட்டறிவதும் நம் வகுப்பறைகளிலேயே தொடங்கலாம். ஆசிரியர் அதற்கு வழிகாட்டுவாராக.