சேதராப்பட்டில் மருத்துவக் காப்பீடு

சேதராப்பட்டு, புதுச்சேரி நகருக்கு வடமேற்கே, தமிழக எல்லையை ஒட்டி உள்ள ஊர். வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்தது. ஊசுடு சட்டமன்றத் தொகுதிக்குள் வருகிறது. பிப்டிக் எனப்படும் அரசுத் தொழில் வளர்ச்சிக் கழகம் இங்கு அமைத்த தொழிற்பேட்டையால் ஊரின் பெயர் வெளியே தெரிந்தது. ஷிப்ட் மாறும் நேரத்தில் உள்ளூர்க்காரர்களும், வானூர், மயிலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களும், வட மாநிலங்களிலிருந்து வந்து வாடகை அறைகளில் தங்கியிருப்பவர்களும் ஒரே கேட்டில் நுழைகிறார்கள். உள்ளே ஒரே மெஷினில் நிற்கும் இவர்களுக்கு, நோய் என்று வந்துவிட்டால் வழி வேறு வேறாகப் பிரிந்துவிடுகிறது. அந்த வழிகள் எப்படி உருவாயின, எதிலும் சேராமல் நிற்பவர்கள் யார் என்பதே இங்கு சொல்லப்படுகிறது.

பிரெஞ்சு ஆட்சிக் காலம்

புதுச்சேரியில் மருத்துவம் அரசின் பொறுப்பாக இருந்தது, காப்பீடாக இருந்ததில்லை. 1823இல் பிரெஞ்சு அரசு இங்கு ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. இன்றைய ஜிப்மரின் வேர் அதுதான். 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி என்றும், 1964இல் ஜவஹர்லால் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் என்றும் பெயர் மாறி, நகருக்குள்ளிருந்து கோரிமேட்டுக்குப் போனது. இன்று விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை வரை உள்ள ஏழைகள் பஸ் ஏறி வரும் ஆஸ்பத்திரிக்கு இருநூறாண்டு வரலாறு உண்டு என்பதைப் புதுச்சேரிக்காரர்களே பல சமயம் மறந்துவிடுகிறார்கள்.

மருத்துவர் வேறு, நோயாளியின் அன்றாடப் பாடு வேறு. கூலிக்குப் போகிறவன் படுத்துவிட்டால் மருந்துச் செலவைவிடப் பெரிய இழப்பு அன்றைய கூலி. இந்தப் பிரச்சினை புதுச்சேரியில் முதலில் பெரிதாக எழுந்தது மில்களில்தான். முதலியார்பேட்டைப் பக்கம் எழுந்த மூன்று பெரிய ஆலைகளைச் சனங்கள் சவானா மில், ரோடியர் மில், கெப்ளே மில் என்றே அழைத்தார்கள். ரோடியர் மில் 1898இல் தொடங்கப்பட்டது, பிற்காலத்தில் ஏ.எஃப்.டி. ஆனது. பஞ்சுத் தூசியிலும் சாயக் காரத்திலும் பகலெல்லாம் நின்ற ஆணும் பெண்ணும் சிறுவரும் இருமலோடு வீடு திரும்பினார்கள். வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது.

1936 ஜூலை 30 அன்று, சவானா மில்லில் போராடிய தொழிலாளர் மீது பிரெஞ்சிந்தியப் போலீஸ் சுட்டது. பன்னிரண்டு பேர் இறந்தார்கள். வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்த இயக்கத்தின் பலனாக எட்டு மணி நேர வேலையும், தொழிற்சங்கம் வைக்கும் உரிமையும் பிரெஞ்சிந்தியாவுக்கு வந்தன. ஆசியாவிலேயே எட்டு மணி நேர வேலையை முதலில் பெற்றவர்கள் தாங்களே என்பது புதுச்சேரித் தொழிற்சங்கங்கள் இன்றும் சொல்லும் பெருமை. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 30இல் தியாகிகள் நினைவிடத்தில் மாலை விழுகிறது. சேதராப்பட்டுத் தொழிலாளர் கையில் இன்றிருக்கும் உரிமைகளின் கதையை அந்த நாளிலிருந்து தொடங்குவதே நியாயம். மருத்துவக் காப்பீடு மேலிருந்து இறங்கி வந்த கொடை என்று சொல்வது அந்தப் பன்னிரண்டு பேருக்குச் செய்யும் அநீதி.

1945 அக்டோபரில் பிரான்சு தன் நாட்டுக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டத்தைச் சட்டமாக்கியது. பியேர் லரோக் வடிவமைத்த அந்தத் திட்டத்தில் தொழிலாளியும் முதலாளியும் சம்பளத்தோடு பணம் கட்ட, நோயும் முதுமையும் காக்கப்பட்டன. அது பிரான்சு மண்ணுக்கானது, முதலியார்பேட்டை மில்லுக்கானது அல்ல. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் முடிந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்கள் சுமார் 5,000 பேர். அவர்களில் பலர் படைவீரர் குடும்பத்தினர், ஊர்ப்பேச்சில் 'சொல்தா' வீட்டார். பாரிசிலிருந்து பென்ஷன் வரும் வீடும், மில் கூலியில் ஓடும் வீடும் ஒரே தெருவில் அடுத்தடுத்து இருந்தன. எந்த நாட்டுக் காகிதம் கையில் இருக்கிறதோ, அதைப் பொறுத்து முதுமையின் பாதுகாப்பு அமைந்தது.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். வேலையோடு காப்பீட்டைக் கட்டிவைக்கும் முறை 1883இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் கொண்டுவந்தது. பிரான்சு அதையே பின்பற்றியதால், வேலை இல்லாதவர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வெளியே நின்றார்கள். நாட்டில் குடியிருந்தாலே காப்பீடு உண்டு என்ற நிலை, 1999இல் தனிச் சட்டம் போட்டு, 2000 முதல்தான் அங்கு வந்தது. பிரிட்டன் 1948 ஜூலை 5இல் வரிப்பணத்தில் எல்லோருக்கும் மருத்துவம் என்று தொடங்கிவிட்டது. இந்தியாவுக்கும் அந்த யோசனை சொல்லப்பட்டிருந்தது. மருத்துவ வசதிகளை ஆராய்ந்த 'போர்' (Bhore) குழு 1946இல் வெளியிட்ட அறிக்கை, பணம் கட்ட இயலாதவர் என்பதற்காக யாருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்றது. காப்பீட்டுச் சந்தா கட்டும் சக்தி இந்த நாட்டுச் சனங்களுக்கு இல்லை என்று கண்டு, அரசே செலவேற்க வேண்டும் என்று முடிவு சொன்னது. சரியான முடிவு அது.

இ.எஸ்.ஐ.

தொழிலாளர் மாநிலக் காப்பீட்டுச் சட்டம் 1948இல் நிறைவேறியது. அதற்கு அடிப்படை 1944இல் பி. பி. அடார்கர் அளித்த அறிக்கை. திட்டம் 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கியது. தமிழகத்தில் 1955இல் முதலில் கோவைக்கு வந்தது. புதுச்சேரியில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி கோரிமேட்டில் இருக்கிறது.

திட்டம் நடக்கும் விதத்தை ஒரு சம்பளச் சீட்டில் பார்க்கலாம். மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்றால், பிடித்தம் என்ற பகுதியில் இ.எஸ்.ஐ. என்று 90 ரூபாய் இருக்கும். அது 0.75 சதவீதம். நிர்வாகம் தன் பங்காக 3.25 சதவீதம், அதாவது 390 ரூபாய் கட்ட வேண்டும். இந்த 480 ரூபாயில் தொழிலாளிக்கும் மனைவி மக்களுக்கும், அவரை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் சிகிச்சை உண்டு. டாக்டர் சீட்டோடு படுத்திருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை வரும். பிரசவத்துக்கு 26 வாரம். மெஷினில் கை போனால், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளாகவே இருந்தாலும் உதவித்தொகை உண்டு. இந்தியாவில் கூலித் தொழிலாளிக்கு இதைவிட நிறைவான காப்பீடு வேறில்லை. தனியார் பாலிசிகள் பெரும்பாலும் படுத்த நாளின் சாப்பாட்டையும் சேர்த்து நினைப்பதில்லை.

இதற்கு மூன்று வாசல் உண்டு, மூன்றிலும் பலர் தங்கிவிடுகிறார்கள். முதல் வாசல், நிறுவனத்தில் பொதுவாகப் பத்துப் பேராவது வேலை செய்ய வேண்டும் என்பது. சிறு பட்டறைகள் இதில் அடிபட்டுப் போகின்றன.

இரண்டாவது சம்பள உச்சவரம்பு. 2017 ஜனவரி முதல் அது 21,000 ரூபாய். 20,800 வாங்கிய சூப்பர்வைசருக்கு மே மாதம் ஐந்நூறு ஏறி 21,300 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர் 30 வரை சந்தா பிடிக்கப்படும். அந்தச் சந்தாவுக்குரிய பயன்காலம் அடுத்த ஆண்டு ஜூன் 30இல் முடிந்ததும் அவரும் அவர் வீட்டாரும் வெளியே. சம்பளம் ஏறியதற்கு வீட்டில் பாயசம் வைத்த குடும்பம், அதன் பிறகு அம்மாவின் டயாலிசிஸை எங்கே தொடர்வது என்று திகைக்கிறது. விலைவாசி ஆண்டுதோறும் ஏற, இந்த வரம்பு ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் நிற்பது மன்னிக்க முடியாத அலட்சியம்.

மூன்றாவது, சேதராப்பட்டில் அதிகம் வலிக்கிற வாசல்: கான்ட்ராக்ட். சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. ஆள் கான்ட்ராக்டர் மூலம் வந்தவராக இருந்தாலும் சந்தாவை முதலில் கட்ட வேண்டியது ஆலை நிர்வாகமே. பிறகு கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். ஆனால் கேட்டில் நடப்பது வேறு. நோய்க்காலச் சம்பளம் பெற ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாட்களுக்காவது பணம் கட்டியிருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் கான்ட்ராக்டர் மாறி, பழைய காப்பீட்டு எண்ணை விட்டுப் புதிய எண் போட்டுவிட்டால், உழைத்த நாட்கள் இரண்டு கணக்காகப் பிரிந்து எதிலும் 78 நிறையாமல் போகலாம். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அந்தப் பத்திலக்க எண் ஒன்றே. இதைத் தமிழிலும் இந்தியிலும் ஒவ்வொரு தொழிற்சாலைக் கேட்டிலும் எழுதி வைத்தாலே பல குடும்பங்கள் பிழைக்கும்.

ஆலை மூடினாலும் இதே கதி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததோடு ஏ.எஃப்.டி.யில் உற்பத்தி நின்றது. 2020இல் ஆலை மூடப்பட்டது. 1936இன் வாரிசுகள் காப்பீடின்றி வெளியே வந்தார்கள். குறைந்தது ஐந்தாண்டு காப்பீட்டில் இருந்து வயது முதிர்வாலோ விருப்ப ஓய்வாலோ வெளியேறியவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி, தனக்கும் துணைவருக்கும் சிகிச்சையைத் தொடரலாம். இந்த 120 ரூபாய்ச் சலுகை தெரியாமலே ஓய்வு பெற்றவர்கள் ஏராளம்.

விடுபட்டவர்கள்

இ.எஸ்.ஐ.க்கு வெளியே உள்ளவர்களுக்கு வருமானச் சான்றும் ரேஷன் அட்டையும்தான் கதி. புதுச்சேரியில் சிவப்பு அட்டை வறுமைக்கோட்டுக்குக் கீழே, மஞ்சள் அட்டை மேலே. தமிழகத்தில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியதில் சேர ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். மாதம் 12,000 வாங்கும் வானூர்க்காரரின் ஆண்டு வருமானம் 1,44,000. கான்ட்ராக்டர் அவர் பெயரை இ.எஸ்.ஐ.யில் சேர்க்காவிட்டால், இங்கும் இல்லை, அங்கும் இல்லை. ஜிப்மரில் கட்டண விலக்குக்கான வரம்பு மாதம் 2,499 ரூபாய். இன்று முழுநேர வேலை செய்யும் யாரும் அதற்குள் அடங்க முடியாது.

2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை, நாட்டில் குறைந்தது 30 சதவீதம் பேர், ஏறத்தாழ 40 கோடிப் பேர், எந்த மருத்துவக் காப்பும் இல்லாமல் இருப்பதாகச் சொன்னது. ஏழை என்று நிரூபிக்க முடியாமலும், பாலிசி வாங்க இயலாமலும் இடையில் நிற்பவர்கள் இவர்கள். இவர்களுக்குக் காப்பீடாக நிற்பது அரசு ஆஸ்பத்திரி ஒன்றே. விடியுமுன் கோரிமேட்டில் இறங்கி, பழைய ஓ.பி. சீட்டையும் எக்ஸ்ரேயையும் துணிக்கடைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு வரிசையில் உட்காருகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2008இல் ஜிப்மரைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கும் சட்டம் வந்தபோது, இலவச சிகிச்சை போய்விடுமோ என்று புதுச்சேரியே கொதித்ததன் காரணம் அந்த வரிசைதான். காப்பீட்டு அட்டையை எவ்வளவு விரிவாக்கினாலும், அது சேதராப்பட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாமாதம் கிடைக்கும் சர்க்கரை மாத்திரைக்கு ஈடாகாது. அட்டை படுக்கையில் சேர்ந்தால்தான் வேலை செய்யும். மாத்திரை படுக்கையில் சேராமல் காக்கும்.

இன்றைய நிலை

2018 செப்டம்பர் 23இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்நோயாளிச் சிகிச்சை தருகிறது, புதுச்சேரியிலும் நடைமுறையில் உள்ளது. பீகார்க்காரரின் அட்டை இங்கும் செல்லும். 2024 அக்டோபர் முதல் இத்திட்டம் 70 வயது நிறைந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி விரிந்தது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதிருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, காப்பீட்டில் சேர்க்கக் கேட்கும்போது வேலைக்குச் சான்றாகக் காட்டக்கூடிய நியமனக் கடிதத்தை ஒவ்வொரு தொழிலாளிக்கும் கொடுப்பது கட்டாயம்.