பேராயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க: தன் மக்களிடம் மன்னிப்பைக் கேட்டவர்

எமது நாட்டின் அங்கிலிக்கன் திருச்சபைக்கு இரண்டே இரண்டு ஆதீனங்கள்தான் உள்ளன. 1845இல் உருவானது கொழும்பு ஆதீனம். யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் அதற்குள் அடங்கும். மற்றையது 1950இல் உருவான குருநாகல் ஆதீனம். அதன் இரண்டாவது பேராயராக 1962 முதல் 1983 வரை பணியாற்றியவர் வணக்கத்துக்குரிய லக்ஷ்மன் விக்கிரமசிங்க. 1983இன் பின்னர் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் சிட்னிக்கும் சிதறிப்போன எமது கல்லூரிக் குடும்பங்களின் கதையில் அவருக்கும் ஓர் இடம் உண்டு. எமது தலைமுறையில் பலருக்கு அவரது பெயரே தெரியாது என்பதால் இங்கு அவரை நினைவுகூர விரும்புகிறோம்.

1927ஆம் ஆண்டு மார்ச் மாதம் செல்வாக்கு மிக்க சிங்களக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தந்தையார் சிரேஷ்ட அரச உத்தியோகத்தர். கொழும்பு றோயல் கல்லூரி, இலங்கைப் பல்கலைக்கழகம், ஒக்ஸ்போர்ட் என்று படிப்பு நீண்டது. எந்தப் பெரிய பதவியையும் நாடியிருக்கக்கூடிய அவர் குருத்துவத்தைத் தெரிந்துகொண்டார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கான குருவாகப் பணியாற்றிய பின்னர், 35ஆவது வயதில் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

குருநாகல் ஆதீனத்தின் பெரும்பகுதி பௌத்த சிங்களக் கிராமங்கள். கண்டி, மாத்தளைப் பக்கங்களில் தோட்டத் தொழிலாளரான மலையகத் தமிழரும் அதில் அடங்குவர். ஆங்கிலேயர் கொண்டுவந்த திருச்சபை இந்த மண்ணில் எப்படி வேரூன்றுவது என்பதே அவருக்கு முன்னிருந்த வினா. அதற்கான விடையை வழிபாட்டில் மட்டும் அவர் தேடவில்லை. ஏழைகளின் பக்கத்திலும் பிற சமயத்தவரின் பக்கத்திலும் நின்று தேடினார். இப்பாகமுவையில் வணபிதா யோஹான் தேவானந்த தொடங்கிய தேவசரண ஆச்சிரமம் அவ்வழியில் இயங்கியது.

1971 கிளர்ச்சி அடக்கப்பட்ட பின்னர் குடியியல் உரிமைகள் இயக்கம் உருவானது. பேராயர் அதில் முன்னின்று உழைத்து, அதன் தலைவராகவும் இருந்தார். அன்று சிறையிலிருந்தோர் பெரும்பாலும் சிங்கள இளைஞர்கள். 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தபோது அதனால் வதைபட்டோர் பெரும்பாலும் தமிழ் இளைஞர்கள். இயக்கம் இரு தரப்பினருக்காகவும் குரல் கொடுத்தது.

1983 யூலை 23ஆம் திகதி திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். மறுநாள் இரவு கொழும்பு பற்றியெரியத் தொடங்கியது. வெலிக்கடைச் சிறையில் 53 தமிழர் படுகொலை செய்யப்பட்டனர். அப்போது இங்கிலாந்தில் இருந்த பேராயர், நாடு திரும்பிப் பாதிக்கப்பட்டவர்களைச் சந்தித்தார். செப்டெம்பரில் தமது ஆதீனப் பேரவையில் அவர் ஆற்றிய இறுதி உரை இன்றும் பேசப்படுகிறது.

அவ்வுரையின் சாரத்தை எமது சொற்களில் தருகிறோம். தமிழர்மீது நடந்த தாக்குதலை எக்காரணம் காட்டியும் நியாயப்படுத்த முடியாது. சிங்கள மக்கள் அதற்காக வெட்கப்பட வேண்டும். ஆனால் வெளிநாடுகளில் பெயர் கெட்டுவிட்டது என்பதற்காகவோ, கடைகள் எரிந்து பொருட்களுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது என்பதற்காகவோ வெட்கப்படுவது போதாது. நடந்தது அறத்துக்கு எதிரான குற்றம் என்பதற்காகவே வெட்கப்பட வேண்டும்; மன்னிப்பும் கேட்க வேண்டும்.

இதைச் சொன்னவர் எவர் வீட்டையும் கொளுத்தியவர் அல்லர். அவர் சொன்னது தமிழருக்கு ஆறுதலாக அல்ல, தம் சபையாருக்கு முன்னால். அன்றைய அமைச்சரவையில் கல்வி அமைச்சராக இருந்த ரணில் விக்கிரமசிங்க அவரது தமையனின் மகன். உறவும் இனமும் சூழ்ந்திருக்க, மெளனமாக இருப்பதே அவருக்கு இலகுவாக இருந்திருக்கும்.

1983 ஒக்டோபர் 23ஆம் திகதி, 56ஆவது வயதில், மாரடைப்பால் அவர் காலமானார். நாட்டை நினைத்து நெஞ்சு வெடித்து இறந்தார் என்று சொல்வோர் உண்டு. மருத்துவத் துறையிலுள்ள நாம் மரணச் சான்றிதழில் அப்படி எழுதுவதில்லை. ஆனாலும் அப்பேச்சின் பொருள் எமக்கு விளங்குகிறது.

அவர் தந்த அளவுகோல் ஓர் இனத்துக்கு மட்டும் உரியதல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணித்தியாலங்களே. அதையும் இதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும். எமது பெயரால் செய்யப்பட்டதை நாமே குற்றம் என்று சொல்லும்போதுதான், எமக்கு நடந்ததைக் குற்றம் என்று சொல்லும் எமது குரலுக்கும் வலு உண்டாகும்.

கடல் கடந்து வாழும் சகோதரிகளே, பிள்ளைகள் யூலை 83ஐப் பற்றிக் கேட்கும்போது எரிந்த வீடுகளையும் இழந்த உறவுகளையும் சொல்லுங்கள். அத்துடன், அதைக் குற்றம் என்று தன் மக்களிடமே எடுத்துச் சொன்ன குருநாகல் பேராயரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.