பழமை கெடாமல் புதுமை செய்த பொறி

கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தவரின் வரலாறாகவே எழுதப்படுகிறது. முதலிற் செய்தவர் பெயர் நிலைக்கிறது. செய்ததைச் செப்பனிட்டவர் பெயர் மறைகிறது. ஆயினும் ஒரு கருவி பல்லாண்டு பயன்படுவது செப்பனிட்டவர் திறத்தாலேயே ஆகும். அமெரிக்காவில் தோன்றிய ஆப்பிள் 2 என்னும் மேசைக் கணிப்பொறி இதற்குத் தக்க சான்று. அது பள்ளிக்கூடங்களோடு வளர்ந்த பொறி ஆதலின், ஆசிரியர்கள் அதன் கதையை அறிதல் நன்று.

ஸ்டீவ் வாஸ்னியாக் வடிவமைத்த இப்பொறி 1977ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. 6502 என்னும் செயலி நொடிக்கு ஏறத்தாழ 10 இலட்சம் துடிப்பு வேகத்தில் இதனை இயக்கியது. உள்ளே துணைப் பலகைகளைப் பொருத்த 8 செருகுவாய்கள் இருந்தன. மூடியைத் திறந்து எவரும் புதிய பலகையைச் செருகலாம் என்பதே இதன் தனிச்சிறப்பு. 1978இல் மின்னசோட்டா மாநிலக் கல்விக் கணிப்பொறிக் கூட்டமைப்பு 500 பொறிகளை வாங்கிற்று. 1979இல் ஆப்பிள் 2 பிளஸ் வெளிவந்தது.

குறைகள் யாவை?

இவ்விரு பொறிகளிலும் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மட்டுமே உண்டு. சிறிய எழுத்துகள் இல்லை. திரையின் ஒரு வரியில் 40 எழுத்துகளே அடங்கின. மேலும் கீழும் நகர அம்பு விசைகள் கிடையா. கட்டுரை எழுதப் பழகும் மாணவனுக்கு இவை சிறு குறைகள் அல்ல. சொந்தக்காரர் சிலர், எழுத்துமாற்று விசையிலிருந்து விளையாட்டுக் கருவி இணைப்புக்குத் தாமே ஒரு கம்பியை ஓட்டி, பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் பொறிக்கு உணர்த்தினர்.

இக்குறைகளைப் போக்க 1980இல் ஆப்பிள் 3 என்னும் புதுப்பொறி வந்தது. சிறிய எழுத்தும் 80 எழுத்து வரியும் அதில் இருந்தன. ஆனால் விசிறி இல்லை. முதலில் வந்த பொறிகள் பல பழுதுற்றன. ஆப்பிள் 2-க்கு எழுதிய நிரல்களும் அதில் குறுகிய எல்லைக்குள்ளேயே இயங்கின. 1984இல் அது நிறுத்தப்பட்டது.

செப்பனிட்ட முறை

1983 ஜனவரியில் ஆப்பிள் 2இ வெளிவந்தது. அடிப்படை அமைப்பு பழையதே; செயலியும் வேகமும் பழையனவே. மாற்றம் நிகழ்ந்தது அவற்றைச் சுற்றியே. பழைய பொறியில் நூற்றுக்கு மேற்பட்டிருந்த சில்லுகள் 31 ஆகக் குறைந்தன. 48 கிலோபைட் நினைவகத்துக்கு முன்னர் 24 சில்லுகள் வேண்டியிருந்தன. இப்போது 64 கிலோபைட்டுக்கு 8 சில்லுகளே போதும். பல சில்லுகளின் வேலையை இதற்கென்றே செய்த இரு தனிச்சில்லுகள் ஏற்றன. சில்லும் இணைப்பும் குறையுமானால் செலவும் பழுதும் குறையுமன்றோ? சிறிய எழுத்துகளும் நான்கு அம்பு விசைகளும் இயல்பாகவே அமைந்தன. மீட்டமைக்கும் விசையைத் தவறுதலாகத் தொட்டு வேலையை இழவாதபடி, அதனை மற்றொரு விசையோடு சேர்த்தே அழுத்தவேண்டும் என வகுத்தனர்.

80 எழுத்து வரியை அமைத்த முறை நயமானது. முதன்மை நினைவகத்தில் ஒரு பாதி எழுத்துகள், துணைப் பலகையின் நினைவகத்தில் மறுபாதி. திரைச்சுற்று இரண்டிலிருந்தும் மாறி மாறி ஓரெழுத்தாக எடுத்து வரியை நிரப்பும். பழைய நிரல் வந்தால் துணைப் பலகை வாளாவிருக்கும். 40 எழுத்துத் திரை முன்போலவே தோன்றும். பெரிய துணைப் பலகை செருகினால் நினைவகம் 128 கிலோபைட்டாகும். ஆயின் செயலி ஒரு நேரத்தில் 64 கிலோபைட்டுக்கு மேல் எட்டாது. எனவே நினைவகப் பகுதிகளை மாற்றி மாற்றி இணைக்கும் தொல்லை நிரல் எழுதுவோர் தலையில் விழுந்தது. பழமையைக் காத்ததற்கு அவர்கள் கொடுத்த விலை இஃது.

1985இல் செயலி உள்ளிட்ட நான்கு சில்லுகள் மாற்றப்பட்டன. முன்னரே பொறி வாங்கியோரும் அந்நான்கை மட்டும் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். 1986இல் 16 பிட் செயலியும் சிறந்த ஒலியமைப்பும் கொண்ட ஆப்பிள் 2ஜிஎஸ் வந்தபோதும், 2இ பெட்டிக்குள் அப்புதுப்பலகையை வைக்க வழி செய்தனர். 1987இல் எண் விசைகள் சேர்ந்தன. புதிய தம்பி 1992இல் விடைபெற, மூத்த 2இ 1993 நவம்பர் வரை விற்பனையில் நின்றது.

பள்ளிக்கு என்ன பொருள்?

1983இல் கலிபோர்னியா மாநிலத்தின் ஏறத்தாழ 9000 பள்ளிகளுக்கு இப்பொறி ஒவ்வொன்று நன்கொடையாக அளிக்கப்பெற்றது. ஒரே பொறி கொண்ட பள்ளியை நினைத்துப் பாருங்கள். பாட நிரல்கள் அடங்கிய வட்டுகளை ஆசிரியர் ஒவ்வொன்றாகச் சேர்த்திருப்பார். அடுத்த பொறி அவ்வட்டுகளைப் படியாதெனில், பழுதின்றியே அத்தனை உழைப்பும் வீணாகும். செல்வம் மிக்க பள்ளி மீண்டும் வாங்கும். இல்லாத பள்ளி பின்தங்கும்.

ஆகவே சீர்திருத்தம் செய்வோர், அது பொறியாயினும் பாடத்திட்டமாயினும், எது புதியது என்று கேட்கும்முன், பழையதை நம்பியிருப்போர் நிலை யாது என்று கேட்டல் வேண்டும். அக்கேள்விக்கு விடை சொல்லிய பொறி பத்தாண்டு நின்றது. சொல்லாத பொறி நான்காண்டில் மறைந்தது.