பெருவிரல் ரேகை வந்த வழி

கைநாட்டு என்றால் எழுதப் படிக்கத் தெரியாதவரின் அடையாளம் என்பதே தமிழ்ப் பேச்சுவழக்கு. அந்த ஏளனத்துக்கு வரலாறு இடம் தரவில்லை. போட்ட கையெழுத்தையே 'என்னுடையது அல்ல' என்று மறுப்பவரைக் கட்டிப்போடத்தான் ஆங்கில ஆட்சி ரேகையைத் தேடிப் போனது.

1858இல் வங்காளத்தின் ஜங்கிபூரில் அதிகாரியாக இருந்தவர் வில்லியம் ஹெர்ஷல். சாலை போடச் சரளை தருவதாக ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாயின் உள்ளங்கையில் மை தடவி, ஒப்பந்தத்தின் பின்பக்கம் பதிய வைத்தார். அதில் அறிவியல் எதுவுமில்லை. பின்னால் பேச்சு மாறாதிருக்க ஒரு மிரட்டல், அவ்வளவே. பிறகு தம் ரேகையையும் நண்பர்களின் ரேகைகளையும் பல ஆண்டுகள் எடுத்துப் பார்த்தபோதுதான், வயது ஏறினாலும் ரேகை மாறுவதில்லை என்பது அவருக்குப் பிடிபட்டது.

1877இல் ஹூக்ளி மாவட்ட மாஜிஸ்திரேட் ஆனதும் ரேகையை மூன்று இடங்களில் கட்டாயமாக்கினார். ஓய்வூதியம் வழங்குமிடம் ஒன்று: ஓய்வூதியர் இறந்த பிறகும் அவர் பெயரில் வேறொருவர் வந்து பணம் வாங்கிக்கொண்டிருந்தார். அடுத்தது பத்திரப் பதிவு. மூன்றாவது சிறை, தண்டனை பெற்றவருக்குப் பதிலாகக் கூலிக்கு வேறு ஆள் உள்ளே போவதைத் தடுக்க இந்த ஏற்பாடு.

ஆயிரக்கணக்கான ரேகைகளில் ஒன்றைத் தேடி எடுப்பது எப்படி என்பதே அடுத்த சிக்கல். அதைத் தீர்த்தது, ரேகைகளை 1,024 பிரிவுகளாக அடுக்கும் முறை. 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பணியகம் அந்த முறையில்தான் தொடங்கியது. கணக்குப் போட்டு உழைத்தவர்கள் அஜீஸுல் ஹக்கும் ஹேமசந்திர போஸும். பெயர் என்னவோ மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போனது; உலகம் இன்றும் அதை 'ஹென்றி முறை' என்றே சொல்கிறது. 1899இல் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டு, ரேகை நிபுணரின் கருத்து நீதிமன்றத்தில் செல்லுபடியானது.

சொத்துப் பத்திரங்களில் விற்பவர், வாங்குபவர் இருவரின் புகைப்படமும் ரேகையும் இருக்க வேண்டும் என்று 2001இல் பதிவுச் சட்டம் திருத்தப்பட்டது. 2010இல் ஆதார் வந்தது. பத்து விரல் ரேகைகளும் கணினிக்குள் போயின. ஆதார் எண்ணும் விரலும் இருந்தால் வங்கி முகவரிடம் பணம் எடுக்கலாம் என்ற வசதியும் சேர்ந்தது.

திருட்டு நுழைந்தது இந்த இடத்தில்தான். ஆள்மாறாட்டத்தைத் தடுக்கப் பத்திரத்தில் வைத்த ரேகையையே சில மாநிலங்களின் பதிவுத்துறை இணையதளங்களிலிருந்து எடுத்து, சிலிக்கோனில் வார்த்துப் போலி விரல் செய்து, அடுத்தவர் கணக்கைத் துடைத்தார்கள். ஹெர்ஷல் போட்ட பூட்டு சாவியாகிவிட்டது. கடவுச்சொல் திருட்டுப் போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை என்ன செய்வது?

அடுத்தவரின் மின்கையொப்பம், கடவுச்சொல் போன்ற தனித்த அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆதார் செயலியில் ரேகையைப் பூட்டி வைத்து, தேவைப்படும்போது மட்டும் திறந்துகொள்ளலாம். அடையாளச் சான்றாக நகல் கேட்கும் இடங்களில், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதாரைத் தரலாம். பணம் போனது தெரிந்ததும் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாத மோசடியில், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு இழப்பு இல்லை என்பது ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்த விதி.