மூழ்கிய லண்டனும் 1953ஆம் ஆண்டு வெள்ளமும்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று பேரன் 'வாட்டர்வேர்ல்ட்' (1995) படம் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கும் கடல், காலூன்றத் தரை இல்லை. "தாத்தா, நெஜமாவே இப்படி ஆகுமா?" என்றான். உலகத்துப் பனி முழுக்க உருகினாலும் கடல் மட்டம் சுமார் 70 மீட்டர்தான் உயரும், மலைகள் அப்படியே நிற்கும் என்றேன். அவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

எனக்கு அதைவிடப் பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்தது. ஜே.ஜி. பாலர்ட் 1962இல் எழுதிய 'தி டிரவுண்ட் வேர்ல்ட்'. லண்டன் நீரில் மூழ்கிக் கிடக்கிறது. மேல்மாடிகள் மட்டும் வெளியே தெரிகின்றன. சுற்றிலும் காடு, முதலைகள், பெரிய ஓணான்கள். மிஞ்சிய மக்கள் துருவப் பக்கம் போய்விட்டார்கள். கொள்ளைக்காரன் ஒருவன் தண்ணீரை இறைத்து லெஸ்டர் சதுக்கத்தை வெளியே கொண்டுவருகிறான். நாயகன் டாக்டர் கெரன்ஸ் என்ன செய்கிறான் தெரியுமா? அணையை வெடிவைத்து உடைத்து, ஊரை மறுபடி மூழ்கடித்துவிட்டுத் தெற்கே போகிறான்!

பாலர்ட் 1930இல் ஷாங்காயில் பிறந்தவர். 1943 முதல் 1945 வரை ஜப்பானியரின் லுங்ஹுவா முகாமில் பெற்றோருடன் அடைபட்டுக் கிடந்த சிறுவன். வசதியான ஒரு நகரம் சில நாட்களில் குலைந்துபோவதைக் கண்ணால் பார்த்தவர். மூழ்கிய அந்த நகரம் தன் ஷாங்காய் நினைவும் லண்டன் வாழ்க்கையும் கலந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த வகையில் அவரைப் புரிந்துகொள்கிறேன். ஆனாலும் அணை உடையும் இடம் எனக்கு நெருடத்தான் செய்கிறது.

ஏனென்றால், கதை வருவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னால்தான் வெள்ளம் நிஜமாகவே வந்தது. 1953 ஜனவரி 31, சனிக்கிழமை இரவு. வட கடலில் புயல்; அதோடு பெரிய அலையேற்றமும் சேர்ந்துகொண்டது. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கடல் வடக்கேயிருந்து தெற்காக ஊர் ஊராக ஏறியது. லிங்கன்ஷயரில் மாலையிலேயே ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். தெற்கே தேம்ஸ் முகத்திலுள்ள கான்வே தீவுக்குத் தண்ணீர் வந்தது நள்ளிரவுக்குப் பிறகு. நடுவில் இத்தனை மணி நேரம்! சேதி சொல்ல முறையான ஏற்பாடு எதுவும் இல்லை. 58 பேர் வரை அந்தத் தீவில் போனார்கள். இங்கிலாந்தில் மொத்தம் 307 பேர், நெதர்லாந்தில் 1,836 பேர்.

கதையில் வெள்ளத்துக்குக் காரணம் சூரியன். மனிதன்மேல் பழியே இல்லை. ஆனால் ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியது 1958இல். அப்போது பத்து லட்சத்துக்கு 315 பங்கு அளவில் இருந்தது, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இதைச் சொன்னதும், "அப்போ லண்டன்காரங்க என்ன செஞ்சாங்க?" என்று பேரன் கேட்டான்.

தேம்ஸ் ஆற்றின் குறுக்கே கதவு போட்டார்கள். 1984இல் ராணி திறந்துவைத்தார். 1953இலிருந்து எண்ணினால் 31 ஆண்டுகள். அந்தக் கதவை இதுவரை 200 தடவைக்கு மேல் மூடியிருக்கிறார்கள்.